மறைந்தவரின் காகிதங்கள்: இறப்புச் சான்றிதழிலிருந்து புரொபேட் வரை ஒரு முழு வழிகாட்டி

வீட்டில் ஒருவர் மறைந்து பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளாகவே, துக்கம் விசாரிக்க வந்த யாராவது ஒருவர் "வாரிசு சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டுவிடுவார். பக்கத்தில் இருப்பவர் "கோர்ட்டுக்குப் போகாமல் ஒன்றும் நடக்காது" என்பார். இன்னொருவர் "நாமினி பெயர் இருக்கிறதல்லவா, பிறகென்ன?" என்பார். மூவரும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றுமே எல்லாச் சொத்துக்கும் பொருந்துவதில்லை.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இந்த நேரத்தில் பணத்தையும் மாதங்களையும் இழப்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: எந்தச் சொத்துக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நீதிமன்றமே தேவைப்படாத ஒரு வைப்புத்தொகைக்காக வழக்கறிஞரைத் தேடி அலைகிறார்கள். நீதிமன்ற அனுமதி கட்டாயம் வேண்டிய மைனரின் பங்கை வெறும் கிரையப் பத்திரத்தில் விற்றுவிடுகிறார்கள். அந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துத்தான் கீழுள்ள படிகளை எழுதியிருக்கிறேன்.

முதல் படி: இறப்பைப் பதிவு செய்தல்

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 21 நாள் கடந்து 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணத்தோடு முடியும். அதற்கு மேல் ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் கோட்டாட்சியர் நிலையில் ஆணை பெற்றாக வேண்டும்.

பதிவு நடப்பது இறந்தவர் வாழ்ந்த ஊரில் அல்ல, உயிர் பிரிந்த இடத்தில். திருநெல்வேலிக்காரர் சென்னை மருத்துவமனையில் இறந்தால் பதிவு சென்னை மாநகராட்சியில்தான். மருத்துவமனையில் நேர்ந்த இறப்பை மருத்துவமனையே தெரிவிக்கும். வீட்டில் நேர்ந்தால் நாம்தான் தெரிவிக்க வேண்டும்: கிராம ஊராட்சியில் கிராம நிர்வாக அலுவலரிடம், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவில்.

இறப்புச் சான்றிதழில் இறப்பின் காரணம் இருக்காது. காப்பீட்டு நிறுவனம் அதைத் தனியாகக் கேட்கும். ஆகவே மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போதே, மருத்துவர் கையெழுத்திட்ட இறப்புக் காரணச் சான்றின் நகலையும் சிகிச்சைச் சுருக்கத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். விபத்து என்றால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் சேர்த்து வேண்டும்.

இனி இந்தப் படியின் உயிர்நாடியான விஷயத்துக்கு வருகிறேன்: பெயர். நம்மூரில் ஒருவருக்கு ஒரே பெயர் இருப்பது அபூர்வம். பழைய பத்திரத்தில் முருகேச முதலியார், ரேஷன் அட்டையில் முருகேசன், ஆதாரில் எம். முருகேசன், பான் அட்டையில் முருகேசன் முத்துசாமி. உயிரோடு இருந்தவரை இவர் ஒருவரே என்பதை யாரும் சந்தேகிக்கவில்லை. இறந்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு கவுண்டரிலும் இதே கேள்வி எழும். வங்கி ஒரு பெயரைக் காட்டும், சார்பதிவாளர் அலுவலகம் இன்னொன்றைக் காட்டும், இறப்புச் சான்றிதழ் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும்.

அதனால் பதிவாளரிடம் விவரம் கொடுக்கும்போது ஆதாரை மட்டும் நீட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். சொத்துப் பத்திரத்தையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த எழுத்து வடிவம் அதிக ஆவணங்களில் இருக்கிறதோ அதையே கேளுங்கள். தந்தை பெயர், மனைவி அல்லது கணவர் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகே ஒப்புதல் கையெழுத்து போடுங்கள். துக்கத்தில் இருக்கும் மகன் போகாமல், நிதானமாகப் படிக்கக்கூடிய உறவினர் ஒருவர் போவது நல்லது. பின்னால் திருத்த வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆதாரம், மனு, காத்திருப்பு. தவிர்க்க முடியாமல் இரண்டு மூன்று பெயர் நிலைத்துவிட்டால், அவை அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று வாரிசுகள் நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பெயர் வடிவங்களையும் அதில் ஒன்றுவிடாமல் சேருங்கள். விடுபட்ட பெயர்தான் பிறகு இடிக்கும்.

இரண்டாம் படி: கணக்கைத் தொடாமல் பட்டியல் எடுத்தல்

இறந்தவரின் ஏடிஎம் அட்டையின் ரகசிய எண் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். காரியச் செலவுக்கு அதில் பணம் எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். இறந்த தேதிக்குப் பின் நடந்த ஒவ்வொரு பணப் பரிமாற்றமும் கணக்கு அறிக்கையில் தேதியோடு நிற்கும். உடன்பிறந்தவர்களிடையே முதல் சந்தேகம் முளைப்பது பெரும்பாலும் அந்த அறிக்கையிலிருந்துதான். யாராவது ஒருவர் கைக்காசு போட்டுச் செலவு செய்து, ரசீதுகளை வைத்திருந்து, பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்டு கழித்துக்கொள்ளலாம்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள்: வங்கிக் கணக்குகள், வைப்புத்தொகை, அஞ்சலகச் சேமிப்பு, லாக்கர், காப்பீடு, வருங்கால வைப்பு நிதி, பங்குகள், பரஸ்பர நிதி, நிலம், வீடு, வாகனம், அடகு வைத்த நகை, சீட்டுப் பணம், பிறருக்குக் கொடுத்த கடன். கடன்களையும் அதே நோட்டில் எழுத வேண்டும். கடந்த இரண்டு மூன்று ஆண்டு வங்கி அறிக்கையை வரி வரியாகப் படித்தால் பாதி சொத்து தானாகவே வெளிப்படும். ஆண்டுக்கொரு முறை கழியும் ஒரு தொகை காப்பீட்டுத் தவணையாக இருக்கும். மூன்று மாதத்துக்கொரு முறை வரும் சிறு வரவு ஏதோ ஒரு வைப்பின் வட்டியாக இருக்கும்.

மறந்துபோன பழைய கணக்குகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய உத்கம் இணையதளம் உதவும். 10 ஆண்டுகள் தொடப்படாத வைப்புகள் வங்கியிலிருந்து ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். போனாலும் வாரிசுகளின் உரிமை போகாது. அந்த வங்கி மூலமாகவே திரும்பக் கோரலாம். பரஸ்பர நிதிக்கு மித்ரா என்ற தளம் 2025 முதல் இருக்கிறது. 7 ஆண்டுகள் கோரப்படாத ஈவுத்தொகையும் அதன் பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு மாறியிருக்கும்; அங்கிருந்தும் மீட்கலாம்.

கடன் பற்றி ஒரு சொல். இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள், தாங்கள் பெற்ற சொத்தின் மதிப்பளவுக்கு மட்டுமே பொறுப்பு. சொந்தச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய கட்டாயம், ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கடனோ இல்லாதவரை, கிடையாது. வசூலுக்கு வருபவர் மிரட்டினால் எழுத்தில் கேளுங்கள். வீட்டுக் கடனோடு ஆயுள் காப்பீடு இணைந்திருக்கிறதா என்பதையும் தவணை கட்டும் முன்பே பாருங்கள்.

மூன்றாம் படி: வாரிசு சான்றிதழ்

இதை வழங்குபவர் வட்டாட்சியர். இ-சேவை மையத்திலோ இணையத்திலோ விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வட்டாட்சியரின் மின்கையெழுத்தோடு வரும். இறப்புச் சான்றிதழ், இறந்தவரின் முகவரிச் சான்று, ஒவ்வொரு வாரிசின் அடையாளச் சான்று, உறவைக் காட்டும் ஆவணம் ஆகியவை வேண்டும். மறுக்கப்பட்டாலோ தவறாக வந்தாலோ கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு.

யார் யார் வாரிசு என்பதில்தான் குடும்பங்கள் இடறுகின்றன. இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன்கள், மகள்கள், தாய். தாயை விட்டுவிட்டு விண்ணப்பம் எழுதுவது நம்மூரில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. "பாட்டிக்கு எதற்கு?" என்று கேட்பார்கள். சட்டப்படி அவருக்கு மகனின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இணையான பங்கு. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்றால் ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. அந்தத் தாய் பின்னர் உயில் இல்லாமல் மறைந்தால், அந்த நாலில் ஒன்று அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும், முன்பே மறைந்த மகனின் பிள்ளைகளுக்கும் பிரியும். அதாவது சித்தப்பாவும் அத்தையும் சட்டப்படி அந்த வீட்டில் பங்குதாரர்கள் ஆகிவிடுவார்கள். பாட்டி உயிரோடு, தெளிவோடு இருக்கும்போதே அவர் விருப்பத்தை மரியாதையாகக் கேட்டு, பத்திரமாக முடித்துக்கொள்வதே எல்லோருக்கும் நல்லது. தந்தை முதல் வகுப்பில் இல்லை. இது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இந்துப் பெண் இறந்தால் வரிசை வேறு: முதலில் பிள்ளைகளும் கணவரும். பிள்ளைகள் இல்லாமல் இறந்திருந்தால், பிறந்த வீட்டிலிருந்து வாரிசாக வந்த சொத்து தந்தையின் வாரிசுகளுக்கும், கணவர் அல்லது மாமனார் வழி வந்தது கணவரின் வாரிசுகளுக்கும் போகும். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. முஸ்லிம்களுக்கு ஷரீஅத் பங்கீடு. உயிலால் கொடுக்கக்கூடியது, மற்ற வாரிசுகள் ஒப்பாதவரை, கடனும் இறுதிச் செலவும் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாது.

மகள்களைப் பற்றிச் சொல்லாமல் கடக்க மனமில்லை. தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்குச் சமபங்கு 1956 முதலே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குப் பிறப்புரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. "சீர் செய்து அனுப்பியாயிற்று" என்பது எந்தச் சட்டத்திலும் பங்கைக் கழிக்கும் காரணம் அல்ல. சான்றிதழில் மகளின் பெயரை விட்டுவிட்டு வாங்கினால், அதன் மேல் எழுதப்படும் ஒவ்வொரு பத்திரமும் ஆட்டம் காணும்.

வட்டாட்சியரின் சான்றிதழ் யார் வாரிசு என்று மட்டுமே காட்டும். யாருக்கு எவ்வளவு, சொத்து யாருடையது என்ற வழக்கை அது தீர்க்காது.

நான்காம் படி: உயில் இருக்கிறதா?

பீரோ, லாக்கர், வழக்கறிஞர், கணக்கர், நெருங்கிய நண்பர், இந்த வரிசையில் தேடுங்கள். பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றிதழில் தெரியாது. வில்லங்கம் சுத்தமாக இருப்பதால் உயில் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை பதிவு செய்த உயிலின் நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே கிடைக்கும். இறந்த பிறகு இறப்புச் சான்றிதழோடு மற்றவர்களும் சார்பதிவாளரிடம் கேட்கலாம். அவர் வாழ்ந்த பகுதி, பூர்வீக ஊர், சொத்து இருக்கும் இடம் ஆகிய மூன்றின் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் விசாரியுங்கள்.

உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முத்திரைத்தாளும் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதிய உயிலும் செல்லும். கட்டாயம் வேண்டியது எழுதியவரின் கையெழுத்தும், அதை உறுதிசெய்து இரண்டு சாட்சிகள் போட்ட கையெழுத்தும்தான். பல உயில்கள் இருந்தால் கடைசித் தேதியுள்ளதே நிற்கும். முந்தையது பதிவானது, பிந்தையது பதிவாகாதது என்றாலும் அப்படியே.

உயில் கிடைத்த அன்றே மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள். துளையிடாதீர்கள், ஊக்கு குத்தாதீர்கள், பென்சிலால்கூட எதையும் எழுதாதீர்கள். நகல் எடுத்து எல்லா வாரிசுகளுக்கும் கொடுங்கள். மறைத்து வைத்துப் பின்னர் வெளியே எடுக்கும் உயில், உண்மையானதாக இருந்தாலும், நீதிமன்றத்தில் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும். அடுத்து, சாட்சிகள் இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நேரில் சொல்ல வேண்டும். இருவரும் மறைந்துவிட்டால், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் அடையாளம் காட்டக்கூடியவர்கள் வேண்டும்.

ஐந்தாம் படி: புரொபேட் வேண்டுமா?

புரொபேட் என்பது, இந்த உயில் உண்மையானது, முறைப்படி எழுதப்பட்டது என்று நீதிமன்றம் முத்திரையிட்டுத் தருவது. உயிலில் நிறைவேற்றுநர், அதாவது உயிலில் சொன்னபடி நடத்திவைக்க எழுதியவர் நியமித்த ஒருவர், பெயர் குறிப்பிடப்பட்டிருந்தால் அவர் புரொபேட் கேட்கலாம். அப்படி யாரும் குறிப்பிடப்படவில்லை என்றால், அல்லது அவர் மறைந்துவிட்டார், ஏற்க மறுக்கிறார் என்றால், உயில் இணைத்த நிர்வாக உரிமைக் கடிதம் கேட்க வேண்டும்.

இந்தத் துறையில் அண்மையில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. பழைய ஆலோசனையை அப்படியே கேட்காதீர்கள். சென்னை, மும்பை, கொல்கத்தா உயர் நீதிமன்றங்களின் அசல் எல்லைக்குள், அதாவது அவை நேரடியாக வழக்கு விசாரிக்கும் நகர எல்லைக்குள், எழுதப்பட்ட, அல்லது அந்த எல்லைக்குள் உள்ள வீடு நிலம் பற்றிய, இந்துக்களின் உயிலுக்குப் புரொபேட் கட்டாயம் என்று வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு நெடுங்காலம் சொல்லிவந்தது. மயிலாப்பூர் வீட்டுக்குப் புரொபேட் வேண்டும், மதுரை வீட்டுக்கு வேண்டாம் என்ற நிலை அதனால்தான் இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. முன்பே தொடங்கிய வழக்குகளுக்கு என்ன விளைவு என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டாயம் போய்விட்டது, வசதி போகவில்லை. விரும்புகிறவர்கள் இன்றும் புரொபேட் பெறலாம். ஒரு பிள்ளையை விலக்கி எழுதிய உயில், இரண்டு குடும்பங்கள் உள்ள வீடு, பதிவாகாத உயிலும் வயதான சாட்சிகளும், பல மாநிலங்களில் பரவிய சொத்து, விற்கும்போது வாங்குபவரின் வங்கி கேட்கும் நிலை: இவற்றில் ஒன்று இருந்தாலும் புரொபேட் வாங்கிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சாட்சி உயிரோடு இருக்கும்போது செய்யாததை, அவர் மறைந்த பிறகு செய்ய இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். உயர் நீதிமன்றம் தரும் புரொபேட் நாடு முழுவதும் செல்லும். மாறாக, எல்லா வாரிசுகளும் ஒப்புக்கொண்ட, ஒரே ஒரு வீடு பற்றிய, பதிவான உயிலுக்கு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை.

நடைமுறை இப்படி. இறந்து 7 நாட்கள் கழிந்த பிறகே புரொபேட் வழங்க முடியும். நிர்வாக உரிமைக் கடிதத்துக்கு 14 நாட்கள். மனுவோடு மூல உயில், இறப்புச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் பெயர் முகவரி, சொத்துகளின் மதிப்புப் பட்டியல், கடன் மற்றும் இறுதிச் செலவுப் பட்டியல், சாட்சி ஒருவரின் பிரமாணப் பத்திரம் ஆகியவை போகும். மூல உயில் நீதிமன்றத்திலேயே தங்கிவிடும். அதனால் கொடுக்கும் முன் தெளிவான வண்ண நகல்கள் எடுத்து வையுங்கள். உடன்படும் வாரிசுகளிடம் ஒப்புதல் பிரமாணப் பத்திரம் வாங்கி இணைத்தால் காலம் வெகுவாகக் குறையும். உடன்படாதவர்களுக்கு நோட்டீஸ் போகும். நாளிதழில் அறிவிப்பும் வரும். யாரும் எதிர்க்காவிட்டால் சாட்சியின் வாக்குமூலத்தோடு உத்தரவு கிடைக்கும். யாராவது கேவியட், அதாவது தன்னைக் கேட்காமல் உத்தரவு தரக் கூடாது என்ற மனு, போட்டு எதிர்த்தால் மனு வழக்காக மாறி, முழு விசாரணை நடக்கும். அது ஆண்டுகள் நீளக்கூடியது.

உத்தரவு கிடைத்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறைவேற்றுநர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இன்னொன்று: புரொபேட் உயிலின் உண்மையை மட்டுமே நிலைநாட்டும். உயிலில் எழுதிய நிலம் இறந்தவருக்கே சொந்தமா என்பதை அது சொல்லாது.

ஆறாம் படி: வங்கி, காப்பீடு, வைப்பு நிதி

நாமினி இருந்தாலோ, கணக்கு இருவரில் எஞ்சியவர் எடுக்கலாம் என்ற வகையில் இருந்தாலோ, கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், அடையாளச் சான்று மூன்றும் போதும். தொகை எவ்வளவு பெரியதானாலும் சரி. வாரிசு சான்றிதழோ நீதிமன்றச் சான்றோ கேட்கக் கூடாது.

நாமினி இல்லாவிட்டால் தொகையைப் பொறுத்தது. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட வழிமுறைகளின்படி, வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையும், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் ரூபாய் வரையும், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் வங்கிக்கு இழப்பு வந்தால் ஈடுகட்டுவதாக எழுதித் தருவது), பணம் கோராத வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், வாரிசு சான்றிதழ் அல்லது குடும்பத்தை அறிந்த ஒருவரின் உறுதிமொழி ஆகியவற்றோடு எளிய முறையில் தீர்க்க வேண்டும். உயில் இருந்து, அதில் தகராறு இல்லாவிட்டால் புரொபேட் கேட்காமலும் தீர்க்கலாம். எல்லா ஆவணமும் கொடுத்த 15 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். வங்கியால் தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தோடு (பேங்க் ரேட்) 4 சதவீதம் சேர்த்து வட்டி இழப்பீடு. லாக்கர் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். இவற்றை நடைமுறைப்படுத்த வங்கிகளுக்கு 2026 மார்ச் 31 வரை கெடு கொடுக்கப்பட்டது. விண்ணப்பத்தின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள். அந்த முத்திரைதான் 15 நாளுக்குச் சாட்சி. எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் இல்லை.

வரம்பைத் தாண்டிய தொகை, அல்லது வாரிசுகளிடையே தகராறு என்றால் நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் தேவைப்படலாம். இது வட்டாட்சியர் தருவதிலிருந்து வேறானது. இறந்தவர் கடைசியாக வாழ்ந்த பகுதியின் நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும். வைப்பு, பங்கு, கடன் பாக்கி போன்றவற்றுக்கு மட்டுமே இது. வீட்டுக்கும் நிலத்துக்கும் இதை வாங்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

நாமினி பணத்தைப் பெறலாம், உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகளுக்காகக் கையில் வாங்கிக்கொள்பவர் மட்டுமே. பங்குகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதை மீண்டும் உறுதிசெய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் ஒரு விலக்கு: 2015 திருத்தத்துக்குப் பின், தன் உயிர் மேல் எடுத்த பாலிசியில் பெற்றோர், துணைவர், பிள்ளைகளை நாமினியாகக் காட்டியிருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம்.

காப்பீட்டில், பாலிசி எடுத்து மூன்றாண்டுக்குள் இறப்பு நேர்ந்தால் விசாரணை இருக்கும். மூன்றாண்டு கடந்த பாலிசியைப் பழைய தகவல் பிழைகளைக் காட்டி மறுக்க முடியாது. தனியார் நிறுவன ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்தால், வருங்கால வைப்பு நிதிக்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்கு 10-டி, காப்பீட்டுக்கு 5-ஐஎஃப் ஆகிய மூன்றையும் கொடுக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை. அதில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடும்.

ஏழாம் படி: வீடும் நிலமும்

வாரிசு சான்றிதழை வைத்து முதலில் எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டா, நகரத்தில் சொத்து வரிப் பெயர் மாற்றம் செய்துகொள்ளலாம். பட்டா மாறியதால் பங்கு பிரிந்துவிட்டதாக ஆகாது. பிரிக்க வேண்டுமானால் பாகப்பிரிவினைப் பத்திரம்; ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம். இரண்டையும் சார்பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் இவற்றுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட உச்சவரம்புகள் இவை. பாகப்பிரிவினையில் இது ஒவ்வொரு பாகத்துக்கும் கணக்காகும்.

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர், பெரும்பாலும் ஒரு சகோதரி அல்லது தாய், அதை முந்தின நாளே வீட்டுக்கு வாங்கிப் படிக்க வேண்டும். எந்தச் சொத்தில் விடுதலை, எவ்வளவு தொகைக்கு, தொகை உண்மையில் கைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். "அலுவலகத்தில் கையெழுத்து மட்டும் போட்டால் போதும், அக்கா" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவது நேர்மையான வழி அல்ல. பதிவான விடுதலையைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

வாரிசுகளில் 18 வயது நிரம்பாதவர் இருந்தால், வாரிசாக அவருக்குத் தனியே வந்த வீடு நில பங்கைத் தாய்கூட நீதிமன்ற முன் அனுமதியின்றி விற்கவோ விட்டுக்கொடுக்கவோ கூடாது. அப்படி விற்றதை அவர் வயது நிரம்பிய 3 ஆண்டுக்குள் செல்லாததாக்கக் கோரலாம்.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசு நேரில் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதிச் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு இங்கே முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். விற்க, பிரிக்க, பணம் பெற என்று அதிகாரங்களைத் தனித்தனியாக எழுதுங்கள்.

எட்டாம் படி: மிச்சமுள்ளவை

வாகனம்: இறந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். காப்பீட்டையும் சேர்த்து மாற்றுங்கள். மின் இணைப்பு, எரிவாயு, குடிநீர் ஆகியவற்றுக்கு வாரிசு சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் போதும்.

வாரிசாகப் பெற்ற சொத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. எஸ்டேட் வரி 1985-இலேயே நீக்கப்பட்டது. ஆனால் இறந்த நாள் வரை அவர் ஈட்டிய வருமானத்துக்கு வாரிசு ஒருவர், வருமான வரி இணையதளத்தில் சட்டப் பிரதிநிதியாகப் பதிவு செய்து, கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நாளுக்குப் பின் வரும் வட்டியும் வாடகையும் பெறுபவர்களின் வருமானம். வங்கி பிடித்த வரி திரும்பி வரவேண்டியிருந்தால் அதுவும் இந்தத் தாக்கல் மூலமாகத்தான் வரும். ஆகவே பான் அட்டையை அவசரப்பட்டு ஒப்படைத்துவிடாதீர்கள்; எல்லாக் கணக்குகளும் மூடப்பட்டு, திரும்ப வரவேண்டிய வரியும் வந்து சேர்ந்த பிறகு கடைசியாக ஒப்படைத்தால் போதும்.